கைப்பிடி வைக்காத மேடை

உட்காருங்கள் அக்கா, இடம் இருக்கிறது. கூடையை என் காலடியிலேயே வையுங்கள், காலிக்கூடைதானே. மீன் வாசனையெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எப்படிப் பழகியது என்று கேட்டால் அது ஒரு பெரிய கதை.

அடேய் நீலா, யார் மடி என்று பார்த்தாயாடா? மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. இவன் யாரிடமும் போகிற பிள்ளை இல்லை. சொந்த அத்தை கை நீட்டினாலே என் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொள்வான். உங்களைப் பார்த்ததும் என்னவோ ரொம்ப நாள் பழகியவன்போல ஏறிவிட்டான். சரி, இருக்கட்டும். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் கெட்டியாக. ஜன்னல் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால்?

நான் பயந்தவள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இவன் பிறந்ததிலிருந்து எனக்குக் கோழித்தூக்கம்தான். மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். வீட்டில் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கமாட்டேன். குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர் போதுமாம், எங்கோ படித்தேன். மாதவரத்தில் எங்கள் வீடு ஏழாவது மாடி. பால்கனிக்குக் கம்பி, கம்பிக்கு வெளியே வலை. ஜன்னல்களுக்கும் வலை. "வீடா இது, கோழிக்கூண்டா?" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்றவளுக்குத்தானே தெரியும்.

நீங்கள் எங்கே இறங்கவேண்டும்? கடைசி ஸ்டாப்பா? நானும்தான். நல்லதாயிற்று, பேசிக்கொண்டே போகலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு இன்று நெஞ்சு படபடக்கிறது.

அங்கே ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் வந்திருக்கிறதே, தெரியுமா? தண்ணீர்மேலேயே நிற்கும், பனங்கட்டைத் தூண்கள், மண் நிறச் சுவர். தெரியுமா? அதை வடிவமைத்தவள் நான்தான். ஆமாம், இந்த பஸ்ஸில் வருகிறவள்தான். அதை ஏன் கேட்கிறீர்கள், எங்கள் வக்கீல்தான் சொன்னார், "கம்பெனி கார்ல போய் இறங்காதீங்க மேடம். ஒரு சாதாரண தாயா பஸ்ல போங்க, புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அதுதான் எடுபடும்" என்று. சாதாரணத் தாயாகத்தான் வருகிறேன். பொன்னேரியில் ஏறியதிலிருந்து இவனுக்கு இரண்டு தடவை கை கழுவிவிட்டேன்.

வக்கீல் எதற்கு என்றா? சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

நான் அந்த ஹோட்டலை எப்படிச் செய்தேன் தெரியுமா? மற்றவர்கள் மாதிரி கண்ணாடியும் சிமெண்டும் கொட்டி எழுப்பவில்லை. இயற்கைக்கு இடைஞ்சல் கூடாது, அது ஒன்றுதான் என் பிடிவாதம். ஏரிச்சேற்றை ஒரு குவளையில் எடுத்துக்கொண்டு போய், அதே நிறம் வரும்வரை சுவர்ப்பூச்சு கலக்கவைத்தேன். பூநாரை மிரண்டுவிடக் கூடாதென்று விளக்குகளுக்கெல்லாம் முக்காடு. தவளைச் சத்தத்தில் தூக்கம் வராத விருந்தாளிக்குக் காதில் அடைக்கப் பஞ்சு. தவளையை நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, கவனியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மேடை. கரையிலிருந்து மரப்பாலம் போகும், பாலம் போய் மேடையில் முடியும். மேடையின் விளிம்பும் தண்ணீரும் ஒரே மட்டம். நின்று பார்த்தால் மரம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கைப்பிடி கிடையாது. கயிறு கிடையாது. மனிதனுக்கும் நீருக்கும் நடுவில் கோடு எதற்கு? எங்கள் சேர்மன்கூடக் கேட்டார், "கால் தவறினா என்னம்மா பண்றது?" என்று. நான் சொன்னேன், "கைப்பிடி இல்லாத இடத்தில்தான் சார் மனிதன் விழிப்போடு நடப்பான்." அசந்துவிட்டார். விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதையே போட்டார்கள்.

என்ன அக்கா சிரிக்கிறீர்கள்? ஓ, அவன் உங்கள் மூக்குத்தியைத் தொடுகிறானா. தொடாதேடா.

நான் முதலில் இடம் பார்க்க வந்தபோது அந்தத் தண்ணீரில் ஒரு ஆள் இல்லை. ஒரு படகு இல்லை, ஒரு கழி இல்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வலைகள், நடுவில் மட்டும் அப்படியே துடைத்துவிட்ட மாதிரி. மறுபடி மறுபடி வந்து பார்த்தேன், அப்படியேதான். சரி, இது யாருக்கும் வேண்டாத தண்ணீர், தனக்காக மட்டும் கிடக்கிற தண்ணீர் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணில் நீர்கூட வந்தது. அந்த வெறுமையை வைத்துத்தான் மொத்த ஹோட்டலையும் திருப்பினேன். எல்லா அறையும் அதைத்தான் பார்க்கும்.

பிறகல்லவா தெரிந்தது. அந்த ஏரிக்கரை மீனவர் குப்பத்தில் ஒரு வழக்கமாம். ஏரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்ன நாள் இன்ன தண்ணீரில் இன்னார் வலை என்று முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்குமே, நீங்கள் மீன் விற்கிறவர்தானே. இரண்டு பங்காளிகளுக்குள் தகராறு வந்தால், தீரும்வரை அந்தத் தண்ணீரில் ஒருவர் வலையும் இறங்கக்கூடாதாம். அங்கே ஏதோ கல்யாணச் சண்டை, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் காலி. நான் கண்கலங்கிப் பார்த்தது இவர்கள் வீட்டுச் சண்டையை.

சரி, சண்டை சண்டையாகவே இருந்திருக்கக் கூடாதா? எங்கள் கம்பெனியே கெடுத்தது. ஊரோடு நல்லுறவு வேண்டும் என்று அம்மன் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தார்கள். யோசனை என்னுடையதுதான். திருவிழா தடபுடலாக நடந்தது, இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், தீர்ந்தது வழக்கு. அடுத்த வாரமே என் மேடைக்கு எதிரே வரிசையாகக் கழி ஊன்றி வலையைக் கட்டிவிட்டார்கள். கறுத்த கழி, பாசி பிடித்த வலை, தெர்மோகோல் துண்டு மிதவை. சேர்மன் மனைவி அறையில் திரையை விலக்கினாரா, நேர் எதிரே ஒரு ஆள் கோவணத்தோடு நிற்கிறான்.

நான் அவர்களிடம் போய் மரியாதையாகத்தான் கேட்டேன். கழியையாவது கொஞ்சம் தள்ளி ஊன்றக்கூடாதா, ஓவியம் மாதிரி இருக்கிற இடமாயிற்றே என்று. அந்த ஆள், பெயர் தேசிங்கு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நீ தள்ளிக் கட்டியிருக்கலாமே கண்ணு. இறால் உன் ரூமைப் பாத்தா வருது?" சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கான்வென்டில் படித்தவள் நான், பதில் பேசாமல் திரும்பிவிட்டேன். சிஸ்டர் பிலோமின் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: கேட்டதற்கு மட்டும் பதில், கேலிக்கு மௌனம்.

இவன் தூங்கிவிட்டானா? உங்கள் தோளிலா? அதிசயம். ராத்திரி என் பக்கத்திலேயே படுத்து அரைமணி நேரம் உருளுவான்.

இனிமேல்தான் விஷயம். திறப்பு விழாவுக்கு முன்னால் பத்திரிகைக்காரர்களை அழைத்திருந்தோம். இவனைப் பார்த்துக்கொள்கிற ஆயா அன்று வரவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன், சத்தியமாக. ஒருவர் அந்தக் கைப்பிடி விஷயத்தைக் கேட்டார். விளக்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அக்கா. இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அவன் ஓடவில்லை. நடந்தான். மரத்தில் நடந்தவன் அப்படியே தண்ணீரிலும் நடக்கப் போனான். மரம் முடிந்தது அவனுக்குத் தெரியவில்லை. வேலை அவ்வளவு துல்லியமாக வந்திருந்தது.

ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். முகத்துவாரத்தைப் பார்த்து இழுப்பு. சத்தம்கூட வரவில்லை. நான் திரும்பியபோது மேடையில் அவன் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. பிறகு யாரோ கத்தினார்கள், அது நான்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். அந்தத் தேசிங்கு கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வலையைத் தூக்கிக்கொண்டிருந்தான். வலைக்குள் இவன். இறாலும் நண்டும் பாசியுமாக, நடுவில் என் பிள்ளை. கரையில் ஒரு அம்மாள் வாங்கிக் குப்புறப் போட்டுத் தண்ணீரை எடுத்தாள், சேலையை உருவிச் சுற்றினாள். முகம் எனக்கு நினைவில்லை. பச்சைச் சேலை, அது மட்டும்தான். அப்போது நான் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், இவன் எப்போது அழுவான் என்று.

அழுதான். அழுதுவிட்டான். உடனே கை நீட்டினேன், கொடுங்கள் என்று. அப்போது அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா? ஈரம் சொட்டச் சொட்ட, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஊரே கேட்கச் சொன்னான்: "அதெப்படி? இன்னிக்கு என் பாடு. என் பாட்டுல என் வலையில வுழுந்தது எனக்குத்தான். ஊர் வழக்கம், யாரை வேணா கேளு."

கேட்டீர்களா அக்கா? என் பிள்ளையைப் பார்த்து. சுற்றி நின்றவர்கள் வேறு, "ஆமா ஆமா, தேசிங்குக்கு இன்னிக்குப் பெரிய மீனு" என்கிறார்கள். சிரிக்கிறார்கள். ஒரு தாய் உயிர் போய் உயிர் வந்து நிற்கிறாள், அவளிடம் சொல்கிற பேச்சா இது? என்ன? உயிர் வந்த சந்தோஷத்தில் சொல்லியிருப்பார்கள் என்கிறீர்களா? இருக்கலாம். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. பிள்ளையைத் தரமாட்டேன் என்கிறான் என்றுதான் புரிந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினேன். செக்யூரிட்டியைக் கூப்பிட்டேன். போலீசுக்கும் நான்தான் சொன்னேன், பிள்ளையைப் பறிக்கப் பார்த்தார்கள் என்று. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். எழுதியபிறகு அது எழுத்துதானே.

இதில் இன்னொரு கூத்து. அந்த ஊர்த் தலைவர் கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொன்னாராம். வலையில் விழுந்த பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், வழக்கப்படி அது முறையில்லை, அதனால் அந்தப் பிள்ளையையும் ஒரு பங்காளியாக வைத்துக்கொள்வோம், தேசிங்கு பாடு வருகிறபோதெல்லாம் அவனுக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று. விளையாட்டாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ. ஒருநாள் காலையில் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு மேலே வருகிறார். "மேடம், தம்பி பங்காம். ஒரு மீன்காரம்மா குடுத்துட்டுப் போச்சு."

நாங்கள் சைவம். பொட்டலத்தைப் பிரித்தால் நாலு மடவை மீன், கண்ணை விழித்துக்கொண்டு என்னையே பார்க்கின்றன. வீடு தெரிந்திருக்கிறது பார், எச்சரிக்கை அனுப்புகிறார்கள் பார் என்று வக்கீலுக்கு போன் போட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "வரட்டும் மேடம். தேதி போட்டு போட்டோ எடுத்து வைங்க" என்றார். முறை வைத்து வந்துகொண்டே இருந்தது. ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒரு தடவை நண்டு, உயிரோடு. நான் போட்டோ எடுத்துக்கொண்டு வாட்ச்மேனுக்கே கொடுத்துவிடுவேன். தின்று தின்று அந்த ஆள் சுவர் மாதிரிப் பெருத்துவிட்டார்.

என்ன கேட்டீர்கள்? பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையா என்றா? அதை எப்படிச் சொல்வேன். ஒருநாள் தேடினால் இவன் வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்திருக்கிறான், வாயெல்லாம் மசாலா. ஆமாம், முள் எடுத்துத்தான் கொடுத்திருந்தார், நான் நன்றாக விசாரித்தேன். உங்களுக்கு ஏன் அக்கா முகம் இப்படி மலர்கிறது? மாமியாருக்குத் தெரியாது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இப்போது இவனுக்கு மீன் பெயரெல்லாம் தெரியும். கிழங்கான், கொடுவா, கெளுத்தி. நர்சரிப் பள்ளியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "வலையில என்னைப் புடிச்சார்" என்றிருக்கிறான்.

இப்போது இரண்டு மாதமாக மீன் வருவதில்லை. பிள்ளை விழுந்ததற்கு அந்த வலைதான் காரணம் என்று எங்கள் கம்பெனி மனுப் போட்டது, விசாரணை முடியும்வரை மேடைக்கு எதிரே வலை கட்டக்கூடாது என்று உத்தரவு. அந்தக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று தெரியவில்லை. ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார்களா? அப்படியா? அதில் என்ன லாபம் நிற்கப்போகிறது. பாவம்தான். ஆனால் இவன் படுத்துகிற பாடு இருக்கிறதே, தினமும் வாசலுக்குப் போய் நிற்கிறான், "என் பங்கு வரலியா?" என்று.

இன்றைக்குத்தான் விசாரணை. மேடையிலேயே. நான் சொல்லப்போவதை வைத்துத்தான் முடிவு. சொல்லப்போவது இதுதான்: வலைக் கயிறு மேடை ஓரம்வரை வந்திருந்தது, அதில் கால் சிக்கி விழுந்தான், வலை ஆபத்து, எடுக்கவேண்டும். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி, நீங்கள் ஏறும்வரை பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கயிறு இருந்ததா என்றா? இருந்திருக்கலாம் அல்லவா? நான்தான் பார்க்கவில்லையே, என் முதுகல்லவா அந்தப் பக்கம் இருந்தது. யோசித்துப் பாருங்கள், வலை அங்கே இல்லையென்றால் என் பிள்ளை வலையில் விழுந்திருக்கவே மாட்டான்.

இல்லை, தண்ணீரில் விழுந்திருப்பான். அது எனக்கும் தெரியும் அக்கா. அதைத்தான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கைப்பிடியைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும்தானே பதில். கைப்பிடி இல்லாததுதான் காரணம் என்று வந்துவிட்டால் அப்புறம் என் கதை என்ன? யார் என்னிடம் ஒரு வீட்டுக்குப் படம் வரையக் கேட்பார்கள்? தன் பிள்ளையைத் தானே தள்ளிவிட்டவள் என்றல்லவா ஆகும். அவர்களுக்கு இந்தத் தண்ணீர் போனால் வேறு தண்ணீர் இருக்கிறது. இல்லையா? இந்தத் தண்ணீர் ஒன்றில்தான் இறாலா? சும்மா சொல்கிறீர்கள். உங்களுக்கெப்படித் தெரியும்?

ஸ்டாப் வந்துவிட்டது. பார்த்து இறங்குங்கள், தூங்குகிறான், தலை இடிக்கப்போகிறது. கூடையை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எந்தக் குப்பம் அக்கா? பாருங்கள், அதைக்கூடக் கேட்காமல் நானே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆலந்திட்டுக் குப்பமா? தேசிங்கு இருக்கிற அந்தக் குப்பமேதானா?

நீங்களும் விசாரணைக்குத்தான் வருகிறீர்களா. தேசிங்கு வீட்டுக்காரியா. பெயர் அஞ்சலாட்சியா.

ஓ.

அப்படியென்றால் அந்தப் பச்சைச் சேலை. மாதவரத்துக்குப் பொட்டலம் கொண்டுவந்ததும். அதனால்தான் நீங்கள் ஏறியதும் இவன் உங்கள் மடிக்குத் தாவினான். பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? "நீ வுட்டாத்தானே நான் சொல்ல" என்கிறீர்கள். அதுவும் சரிதான்.

என்மேல் கோபம் இருக்கும். நான் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அக்கா சொல்லியாகவேண்டும், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு வலை மாதிரி எனக்கு இந்தப் பெயர். இதை நான் எப்படி விடுவேன்?

அதோ பாலம். வெயிலில் தகதகவென்று எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். நான் ஒருத்தி, இந்த நேரத்தில் அழகைப் பேசிக்கொண்டு.

இல்லை இல்லை, அவனை என்னிடம் தராதீர்கள். எழுப்பவும் வேண்டாம். அன்றைக்கப்புறம் நான் இந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு என்னால் இதில் நடக்க முடியாது. நீங்களே கொண்டுவாருங்கள். நான் பின்னால் வருகிறேன். உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொள்ளட்டுமா? தப்பாக நினைக்காதீர்கள். பிடித்துக்கொள்வதற்கு இங்கே வேறொன்றும் கிடையாது.

அந்த முனையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் விசாரணை அதிகாரி. பக்கத்தில் எங்கள் வக்கீல். கையை ஆட்டுகிறார், பிள்ளையை நீ வாங்கிக்கொள் என்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பார்க்கட்டும். நீங்கள் நடுவிலேயே நடங்கள் அக்கா. ஓரத்தில் ஒன்றும் இல்லை.